சிப் இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. டேக்: முதல் டேக்கை வடிவமைத்து அளந்து பார்ப்பது வரை

ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்பது பொருளின்மேல் ஒட்டி, ரேடியோ அலையால் அதை இனம் காண உதவும் துண்டு. அதில் சிப் இல்லாத வகையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் எல்லாம் சுலபமாகத் தெரியும். தாமிரத்தில் நாலைந்து வளைவுகள், அதிர்வெண் வரைபடத்தில் அவற்றுக்கு நேராக நாலைந்து கூர்முனைகள், அவ்வளவுதான். நீங்களே ஒரு போர்டைச் செய்து ஆன்டெனாவுக்கு முன் வைக்கும்போது கூர்முனை ஒன்றும் தெரியாது. ஏன் தெரியவில்லை என்று கேட்க ஆளும் கிடைக்காது. எனக்கு அதிக நாள் போனது அந்த இடத்தில்தான். இந்த வழிக்குப் புதிதாக வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த டேக்கில் நினைவகம் இல்லை, மின்கலம் இல்லை, ரீடரோடு பேசிக்கொள்ள நெறிமுறையும் இல்லை. உலோகத்தின் வடிவம்தான் எண். ரீடர் அனுப்பும் அலை டேக்கில் பட்டுத் திரும்பும்போது, எந்தெந்த அதிர்வெண்களில் டேக் ஒத்ததிர்கிறதோ அங்கெல்லாம் அதன் தடம் விழும். டேக் தானாக எதையும் சொல்லாது. பின்னணி எதிரொலிகளிலிருந்து அந்தத் தடத்தைப் பிரித்தெடுப்பது முழுக்க உங்கள் அளவீட்டின் பொறுப்பு. அதனால் ரெசனேட்டர் (ஒத்ததிரும் உலோகத் துண்டு) வடிவத்தில் தொடங்காதீர்கள். எதன்மேல் ஒட்டப் போகிறோம், எப்படிப் படிக்கப் போகிறோம் என்பது முடிவான பிறகே பேனாவை எடுங்கள்.

1. உங்களுக்கு இது தேவைதானா என்று பாருங்கள்

சிப் உள்ள யு.எச்.எஃப். டேக் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 96 பிட் அடையாள எண்ணைத் தருகிறது, பல மீட்டர் தூரத்தில் படிக்கப்படுகிறது, ஒரே நேரத்தில் குவியலாக இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கும் வழி அதன் நெறிமுறையிலேயே இருக்கிறது. உங்கள் தேவை இதுவானால் சிப் உள்ள டேக்கையே வாங்குங்கள்.

சிப் தாங்காத வெப்பம், பொருளின்மேலேயே அச்சிட்டாக வேண்டிய கட்டாயம், ஈரப்பதத்தையோ விரிசலையோ டேக்கே உணர வேண்டிய தேவை ஆகிய இடங்களில்தான் சிப் இல்லாத டேக்குக்கு அர்த்தம் இருக்கிறது. தூரத்தைப் பொறுத்தவரை சில பத்து சென்டிமீட்டர்களை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மேற்பரப்பு ஒலியலையில் இயங்கும் டேக் என்று இன்னொரு குடும்பம் உண்டு. லித்தியம் நியோபேட் படிகத்தில் செய்வது, தூரமும் அதிகம் கிடைக்கும். ஆனால் அதற்குக் குறைக்கடத்தி ஆலையைப் போன்ற தூய அறை வேண்டும். இங்கே நான் சொல்வது சாதாரண போர்டில் எட்சிங் செய்யக்கூடிய (தாமிரத்தை அரித்து உருவாக்கக்கூடிய), அதிர்வெண்ணில் குறியிடும் டேக்குகளைப் பற்றி மட்டும்.

2. ஒரு பக்கத் தேவைப் பட்டியல் எழுதுங்கள்

இதை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒட்டப்போகும் பொருள் என்ன, அதன் தடிமன் என்ன, உள்ளே தண்ணீரோ உலோகமோ இருக்கிறதா, எவ்வளவு தூரம், டேக் எந்தப் பக்கமாகத் திரும்பி இருக்கும், எத்தனை வெவ்வேறு பொருட்களை இனம் காண வேண்டும். ஆயிரம் பொருட்கள் போதுமென்றால் 10 பிட் போதும். 40 பிட் வேண்டுமென்று எடுத்த எடுப்பிலேயே ஆசைப்படாதீர்கள். கூட்டும் ஒவ்வொரு பிட்டும் டேக்கின் பரப்பையும் அளவீட்டின் சிரமத்தையும் கூட்டும்.

இரண்டு டேக்குகள் ஒரே நேரத்தில் ரீடருக்கு முன் வந்தால் இரண்டின் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒரு சமயத்தில் ஒரு டேக்தான் வரும் என்ற ஏற்பாடு உங்கள் இடத்தில் இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அலைவரிசை விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2002-ல் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அகல்பட்டையைத் திறந்துவிட்டது. அனுப்பும் சக்திக்கு வரம்பு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). ஐரோப்பாவில் பயன்படுத்தக்கூடிய பட்டை இதைவிடக் குறுகியது. 6 முதல் 8.5 கிகாஹெர்ட்ஸ் அதில் முக்கியமான பகுதி. 7.5 கிகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதையும் கூட்டினாலும் அந்த வரம்பில் மொத்தச் சக்தி அரை மில்லிவாட்டுக்குச் சற்றே மேல்தான். ஆய்வகத்தில் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் கருவி) ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித்தனியாக ஒரு மில்லிவாட் அளவில் கொடுக்கும். ஆகவே ஆய்வகத்தில் கிடைத்த தூரம் களத்திலும் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கவச அறைக்கு வெளியே அலையை அனுப்பிச் சோதிப்பதாக இருந்தால், அந்த நாட்டின் அலைவரிசை அலுவலகத்தில் அனுமதி கேட்டு முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மற்ற வேலைகளை நீங்கள் துரிதப்படுத்தலாம்; அந்தக் கடிதத்தைத் துரிதப்படுத்த முடியாது.

3. எந்த முனைவாக்கத்தில் படிப்பது என்று தீர்மானியுங்கள்

முனைவாக்கம் என்பது அலையின் மின்புலம் அதிரும் திசை. மேசை, சுவர், அட்டைப்பெட்டி எல்லாம் அலையைப் பெரும்பாலும் வந்த முனைவாக்கத்திலேயே திருப்பி அனுப்பும். செங்குத்தாக அனுப்பி செங்குத்தாகவே வாங்கினால் அத்தனை எதிரொலிக்கும் நடுவில் டேக்கைத் தேட வேண்டியிருக்கும். செங்குத்தாக அனுப்பி கிடைமட்டமாக வாங்கினால் பின்னணி பெருமளவு அடங்கிவிடும். இதற்கு டேக் அலையின் முனைவாக்கத்தைத் திருப்ப வேண்டும். 45 பாகை சாய்த்து வைத்த குறுகிய பட்டைகள் இதைச் செய்யும்.

இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒரே முனைவாக்கத்தில் பட்டையை நேராக வைத்துக் கிடைக்கும் உச்ச எதிரொலியைவிட இது 6 டெசிபல் குறைவு. டேக் 45 பாகை திரும்பிவிட்டால் எதிரொலி அடியோடு மறைந்துவிடும். டேக்கின் திசை கட்டுப்பாட்டில் இருக்கும் இடமானால் தயங்காமல் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட உதவும் முடிவு வேறில்லை என்பது என் கருத்து.

4. குறியிடும் முறை

ரெசனேட்டர் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்பது எளிய முறை. இதில் ஒரு பொறி இருக்கிறது: கூர்முனை உண்மையிலேயே இல்லையா, இருந்தும் நம் கண்ணுக்குத் தப்பியதா என்று தெரியாது. அதனால் இடமாற்றக் குறியீட்டைச் சிபாரிசு செய்கிறேன். ஒவ்வொரு ரெசனேட்டருக்கும் ஒரு அதிர்வெண் அறையை ஒதுக்கி, அதற்குள் எட்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் கூர்முனையை வையுங்கள். ஒன்றுக்கு 3 பிட், ஐந்து ரெசனேட்டருக்கு 15 பிட். ஓர் அறையில் கூர்முனையே இல்லை என்றாலோ இரண்டு தெரிந்தாலோ படித்தது தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி மேலதிர்வுகள். 3.1 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும் பட்டை அதன் மூன்று மடங்கான 9.3-க்கு அருகிலும் ஒத்ததிரும். அதுவும் உங்கள் பட்டைக்குள்ளேயே விழும். மிக உயர்ந்த அதிர்வெண், மிகத் தாழ்ந்ததன் மூன்று மடங்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. போர்டுப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எஃப்.ஆர்.4 என்ற கண்ணாடியிழைப் பலகை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அலையின் ஆற்றலை எவ்வளவு விழுங்குகிறது என்பதைக் காட்டும் அதன் இழப்புக் காரணி ஏறத்தாழ 0.02. மின்புலம் முழுவதும் பொருளுக்குள்ளேயே இருந்தால் கூர்முனையின் கூர்மையைக் காட்டும் கியூ மதிப்பு 50-ஐத் தாண்டாது. 4 கிகாஹெர்ட்ஸில் கூர்முனையின் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். ரோஜர்ஸ் ஆர்.ஓ.4003சி போன்ற மைக்ரோவேவ் லேமினேட்டில் இழப்புக் காரணி 0.0027. வேலையைக் கற்றுக்கொள்ள முதல் சுற்றை எஃப்.ஆர்.4-ல் செய்யுங்கள், முடிவுகளை வெளியில் காட்டும் சுற்றை நல்ல லேமினேட்டில் செய்யுங்கள்.

டேட்டாஷீட்டைப் பார்க்கும்போது, பலகைக்குள் அலைநீளம் எவ்வளவு சுருங்கும் என்பதைத் தீர்மானிக்கும் டைஎலக்ட்ரிக் மாறிலியை எந்த அதிர்வெண்ணில் அளந்தார்கள் என்று பாருங்கள். எஃப்.ஆர்.4 விற்பவர்கள் பல சமயம் 1 மெகாஹெர்ட்ஸ் அல்லது 1 கிகாஹெர்ட்ஸ் மதிப்பைத்தான் தருவார்கள். மாறிலியின் ஏற்ற இறக்கம், பலகையின் தடிமன் விலகல், தாமிரத்தின் தடிமன் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளி மையில் அச்சிடுவதாக இருந்தால் மையின் கடத்துத்திறன் தாமிரத்தைவிடப் பல மடங்கு குறைவு என்பதை மறக்க வேண்டாம். தாமிரத்தில் 4 கிகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே ஓடிவிடும். மையில் அந்த ஆழம் அதிகம், ஆகவே அச்சின் படலமும் தடிமனாக இருக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் அச்சிட்ட மெல்லிய படலம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், கூர்முனை மட்டும் வராது.

6. காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் இது. எடுத்துக்காட்டாக, இரண்டு இணையான கைகள் ஒரு முனையில் சேர்ந்த சி வடிவ ரெசனேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் கையின் நீளம் ஏறத்தாழ அலைநீளத்தில் கால் பங்கு. 4 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 75 மி.மீ. தரைத்தளம் (பின்பக்கத்தை முழுக்க மூடும் தாமிரம்) இல்லாத போர்டில், பலகை மிக மெல்லியதாக இல்லாதவரை, காற்றும் போர்டும் சேர்ந்து அலைக்குத் தரும் பயனுறு மாறிலியைப் போர்டு மாறிலியோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கி மதிப்பிடலாம்: 4.3 என்றால் 2.65. அதன் வர்க்கமூலம் 1.63. 75-ஐ அதனால் வகுத்து நான்கில் ஒரு பங்கு எடுத்தால் 11.5 மி.மீ.

சரி, இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எட்சிங்கில் நீளம் 0.1 மி.மீ. பிசகினால் அதிர்வெண் ஏறத்தாழ 35 மெகாஹெர்ட்ஸ் நகரும். மாறிலி 4.3-க்குப் பதில் 4.5 ஆக இருந்தால் இன்னும் 70 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இறங்கும். உங்கள் குறியீட்டில் அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே 50 மெகாஹெர்ட்ஸ்தான் விட்டிருக்கிறீர்கள் என்றால் அந்த டேக் தப்பான எண்ணைத்தான் சொல்லும். இடைவெளியைக் கூட்டலாம், அல்லது எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு ரெசனேட்டரைச் சேர்த்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடலாம். எல்லாக் கூர்முனைகளும் சேர்ந்து ஒரே விகிதத்தில் நகர்ந்திருந்தால் காரணம் போர்டின் மாறிலி அல்லது டேக்கை ஒட்டிய பொருள். அதை இந்த ஒப்பீடு திருத்திவிடும். ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அது எட்சிங் கோளாறு.

7. சிமுலேஷன்

சி.எஸ்.டி., எச்.எஃப்.எஸ்.எஸ். போன்ற மின்காந்த மென்பொருட்களின் மாணவர் பதிப்பில் மெஷ் (கணக்கிடுவதற்காக வடிவத்தைப் பிரிக்கும் கட்டங்கள்) அளவுக்கு வரம்பு உண்டு. உரிமம் இல்லாதவர்கள் ஓப்பன்-ஈ.எம்.எஸ். என்ற இலவச மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம், கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

முதலில் ஒரே ஒரு ரெசனேட்டர்மேல் சமதள அலையை விட்டு எதிரொலியைப் பாருங்கள். அடுத்து பக்கத்தில் ஒன்றைச் சேர்த்து, முதலாவதன் கூர்முனை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அதிர்வெண்ணில் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பவற்றைப் போர்டில் தள்ளித் தள்ளி வைத்தால் இந்த நகர்வு குறையும். அதன் பிறகே முழு டேக். கடைசியாக, பின்பக்கம் அட்டையையோ பிளாஸ்டிக்கையோ உண்மையான தடிமனில் வைத்து ஓட்டிப் பாருங்கள். உலோகப் பொருளுக்கான டேக் என்றால் தரைத்தளம் உள்ள வடிவத்தையே தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம் இல்லாத டேக்கைக் கொண்டுபோய் உலோகத்தில் ஒட்டினால் எதுவும் மிஞ்சாது.

சி வடிவத்தின் இடைவெளிக்குள் மூன்று நான்கு மெஷ் கட்டமாவது விழ வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள கூர்முனையை 100 மெகாஹெர்ட்ஸ் படியில் தேடினால் அது அகப்படாது. கியூ அதிகமுள்ள டேக்கில் ஆற்றல் அடங்க நேரம் பிடிப்பதால் நேரக்களத் தீர்வி (அலையை நொடிக்கு நொடி பின்தொடர்ந்து கணக்கிடும் முறை) இரவு முழுக்க ஓடும். பொறுமையில்லாமல் பாதியில் நிறுத்தினால் கூர்முனையைச் சுற்றிப் பொய்யான நெளிவுகள் வரும்.

8. போர்டு செய்யக் கொடுப்பது

இங்கே பணம் அதிகம் போகாது, நாள்தான் போகும். எஃப்.ஆர்.4 சில நாட்களில் வந்துவிடும். லேமினேட் கையிருப்பில் இல்லையென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே ஆர்டரில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள்: வெவ்வேறு எண்களுள்ள டேக்குகள், ஒற்றை ரெசனேட்டர் மட்டும் உள்ள சோதனைத் துண்டுகள், தாமிரம் முழுவதும் நீக்கிய வெற்றுப் பலகை. ஒற்றைத் துண்டை அளந்தால் போர்டின் உண்மையான மாறிலி தெரிந்துவிடும். வெற்றுப் பலகை அளவீட்டின்போது பின்னணியாக உதவும்.

ஆர்டர் படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கவனியுங்கள். சோல்டர் மாஸ்க் வேண்டாம் என்று எழுதுங்கள். அந்தப் பச்சைப் பூச்சு அதிர்வெண்ணை இறக்கிவிடும். மேற்பூச்சில் நிக்கல்-தங்கம் என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிக்கல் இந்த அதிர்வெண்களில் இழப்பைக் கூட்டும். வெற்றுத் தாமிரமோ வெள்ளிப் பூச்சோ போதும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் போர்டு செய்பவர் தன் வழக்கப்படி இரண்டையும் போட்டுத்தான் அனுப்புவார்.

வந்தவுடன் நுண்ணோக்கியில் கை நீளத்தையும் இடைவெளியையும் அளந்து, வரைந்த அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

9. அளவீடு

செலவில் பெரும்பங்கு இங்கேதான். நெட்வொர்க் அனலைசரும் அகல்பட்டை ஹார்ன் ஆன்டெனாக்களும் விலை உயர்ந்தவை. எதிரொலியற்ற அறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். கையடக்க அனலைசர்களில் சில 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். பழகுவதற்கு அவை போதும், ஆனால் பலவீனமான எதிரொலியைப் பிடிக்கும் திறன் அவற்றில் குறைவு. வாடகை அறைக்குப் போகும் முன் சாதாரண அறையில் முழு ஒத்திகை பாருங்கள். அங்கே போய்க் கேபிள் முனை பொருந்தவில்லை என்று நின்றால் அந்த மணிக்கும் வாடகை ஓடும்.

தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஆன்டெனாவின் அகலம் 15 செ.மீ., அதிர்வெண் 6 கிகாஹெர்ட்ஸ் என்றால் தொலைப்புலம் (அலையைச் சமதள அலையாகக் கொள்ளக்கூடிய தூரம்) 90 செ.மீ.க்கு அப்பால்தான் தொடங்குகிறது. ஆனால் தூரம் இருமடங்கானால் எதிரொலி 12 டெசிபல் விழும். சிறிய ஆன்டெனாவும் குறைந்த தூரமும்தான் இதற்கு வழி.

அனலைசரை இயக்கிக் குறைந்தது அரை மணி நேரம் சூடாக விடுங்கள். அளவுப் புள்ளிகளை 1601-க்குக் குறையாமல் வையுங்கள். 7.5 கிகாஹெர்ட்ஸ் அகலத்தை 201 புள்ளிகளில் அளந்தால் நேரக்களத்தில் 27 நானோவினாடிக்குமேல் உள்ள எதிரொலிகள் மடங்கி வந்து உங்கள் டேக்கின்மேல் விழும். அளவுத்திருத்தம் முடிந்ததும் கேபிள்களைத் தொடாதீர்கள். டேப் போட்டு மேசையோடு ஒட்டிவிடுங்கள். டேக்கை வைக்க ஃபோம் கட்டை போதும், மரமோ பிளாஸ்டிக் தாங்கியோ வேண்டாம்.

அப்புறம் மூன்று அளவீடுகள், இடையில் வேறு எதையும் நகர்த்தாமல்: டேக் இல்லாத வெற்று நிலை, எதிரொலி அளவு தெரிந்த ஒரு ஒப்பீட்டுப் பொருள், டேக். டேக்கிலிருந்து வெற்றைக் கழியுங்கள், ஒப்பீட்டிலிருந்து வெற்றைக் கழியுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். கழித்தல், அளவும் கட்டமும் சேர்ந்த சிக்கலெண்ணில் நடக்க வேண்டும், டெசிபலில் கழித்தால் குப்பைதான் கிடைக்கும். 5 செ.மீ. சதுர உலோகத் தகட்டின் எதிரொலிப் பரப்பு 6 கிகாஹெர்ட்ஸில் 0.031 சதுர மீட்டர், ஆன்டெனாவுக்கு மிகச் சரியாக நேர்முகமாக இருந்தால். குறுக்கு முனைவாக்கத்தில் அளப்பவர்களுக்குத் தகடு உதவாது, அது முனைவாக்கத்தைத் திருப்பாது. 45 பாகை சாய்த்த இருமுக மூலைத் தகட்டைப் பயன்படுத்துங்கள்.

அளவீட்டின் முடிவில் வெற்று நிலையை மறுபடி எடுத்து, முதல் வெற்றோடு கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் டேக்கின் எதிரொலி அளவுக்கு இருந்தால் அன்றைய தரவு முழுவதும் பயனில்லை. அனலைசரின் அளவு விலகியிருக்கிறது, அல்லது யாரோ நாற்காலியை இழுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கூர்முனை மங்கலாக இருந்தால் நேரச் சாளரம் போடுங்கள், அதாவது குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்த எதிரொலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. தூரத்தில் டேக்கின் முதல் எதிரொலி 2 நானோவினாடியில் வரும். அது உலோகப் பரப்பின் வெறும் எதிரொலி, அதில் எண் இல்லை. எண் இருப்பது அதற்குப் பின் வரும் நீண்ட அதிர்வில். கியூ 200 உள்ள ரெசனேட்டர் 4 கிகாஹெர்ட்ஸில் 16 நானோவினாடி அளவில்தான் மூன்றில் ஒரு பங்காக அடங்கும். சாளரத்தை முதல் எதிரொலி முடிந்தபின் திறந்து, அந்த அதிர்வு அடங்கும் வரை மூடாதீர்கள். 5 நானோவினாடி அகலத்திலேயே மூடினால் 200 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

10. உணரியாக மாற்றுவது

அடையாளம் ஒழுங்காகப் படிக்க வரும்வரை இதில் இறங்க வேண்டாம். ஈரப்பதம் அளக்க, ஒரு ரெசனேட்டரின்மேல் மட்டும் பாலிவினைல் ஆல்கஹால் போன்ற ஈரத்தை உறிஞ்சும் படலத்தைப் பூசுங்கள். ஈரம் ஏற ஏற மாறிலி ஏறும், கூர்முனை இறங்கும், இழப்பும் கூடுவதால் மங்கும். பூசாத இரட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வெப்பநிலையால் வரும் நகர்வைக் கழித்துவிடலாம். உணரிக்கு ஒதுக்கும் அறை, அதன் முழு நகர்வையும் கொள்ளும் அளவுக்கு விசாலமாக இருக்கட்டும். பக்கத்து அறைக்குள் நுழைந்தால் ஈரப்பதம் கூடும்போது அடையாள எண் மாறிவிடும்.

ஈரப்பத அறைக்குப் பணம் இல்லையென்றால் மூடிய பெட்டிக்குள் நிறைவுற்ற உப்புக் கரைசல் போதும். 25 பாகை செல்சியஸில் லித்தியம் குளோரைடு 11 விழுக்காடு, மெக்னீசியம் குளோரைடு 33, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் சல்பேட் 97 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தைத் தரும். ஒவ்வொரு நிலையிலும் கூர்முனை நகர்வது நிற்கும்வரை காத்திருங்கள். படலம் தடிமனாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். ஏறும்போது ஒரு சுற்று, இறங்கும்போது ஒரு சுற்று அளந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் உங்கள் உணரியின் உண்மையான பிழை.

11. ஆவணங்கள்

ஒவ்வொரு அளவீட்டுக்கும் டச்ஸ்டோன் கோப்பு (அனலைசர் தரும் மூலத் தரவு), அதன் வெற்றுக் கோப்பு, ஒப்பீட்டுக் கோப்பு மூன்றையும் ஒரே பெயரில் தேதியோடு சேமியுங்கள். கழித்து முடித்த வரைபடத்தை மட்டும் வைத்திருந்தால் பிறகு திருத்த வழியில்லை. அறை வெப்பநிலை, தூரம், டேக்கின் கோணம், அனலைசரின் ஐ.எஃப். பட்டை அகலம் (இரைச்சலை வடிகட்டும் அமைப்பு), சராசரி எண்ணிக்கை ஆகியவற்றை உடன் எழுதுங்கள். போர்டின் டேட்டாஷீட், ஆர்டர் படிவத்தின் நகல், நுண்ணோக்கி அளவுகள் இன்னொரு உறையில். விற்கும் எண்ணம் இருந்தால் காப்புரிமைத் தேடலையும், வெளியிடும் முன் உங்கள் சொந்த விண்ணப்பத்தையும் முடித்துவிடுங்கள். பல நாடுகளில் வெளியிட்ட பிறகு விண்ணப்பிக்க இயலாது.

12. தெரியாத டேக்குகளைப் படியுங்கள்

எந்த டேக் எந்த எண் என்று தெரியாத இன்னொருவரிடம் அளவீட்டை ஒப்படையுங்கள். டேக்குகளை வெள்ளைத் தாள் உறையில் போட்டு, கலைத்து, பொருளின்மேல் ஒட்டிக் கொடுங்கள். தூரத்தைச் சற்று முன்பின்னாக மாற்றி, கோணத்தை 5, 10 பாகை திருப்பி அவர் படிக்கட்டும். எந்த எண்ணை எதுவாகத் தவறாகப் படித்தார் என்று அட்டவணை போடுங்கள். தவறுகள் ஒரே அறையில் குவிந்தால் அந்த ரெசனேட்டரின் இடைவெளியைத் திருத்துங்கள். எல்லா அறைகளிலும் பரவியிருந்தால் போர்டைத் தொட வேண்டாம். ஒன்பதாம் படிக்குத் திரும்பி வெற்று நிலை அளவீட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.